ஓசிடியும் சாப்பாட்டுப் பிரச்சினையும் சேர்ந்து வந்தா எதை முதல்ல பாக்குறது? மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

போன மாசம் மட்டும் நாலு பேரு ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா, மேலூர்ல ஒரு அண்ணன், மிச்ச ரெண்டு பேரு டவுனுக்குள்ளயே. "பிள்ளைக்கு ஓசிடின்னு சொல்லிட்டாங்க, ஆனா சாப்பிடவும் மாட்டேங்குது, எலும்பும் தோலுமா ஆயிருச்சு, எதை முதல்ல பாக்குறது, யாருகிட்ட போறது?" ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் டாக்டர் கிடையாது. என் தங்கச்சிக்கு ரெண்டும் சேர்ந்து வந்துச்சு, மூணு வருசமா கூடவே அலைஞ்சவ நான், அம்புட்டுதான் என் தகுதி. மாத்திரை எது, எம்புட்டுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், இதைப் படிச்சிட்டு நீங்களா கூட்டிக் குறைச்சிராதீங்க.

எது எதுன்னு பிரிக்கிறது

நம்ம ஊர்ல ஓசிடின்னா (அப்செசிவ் கம்பல்சிவ் டிஸ்ஆர்டர்) கை கழுவுறதுன்னு முடிச்சிருவாங்க. உண்மையில அதுல ரெண்டு பாகம் இருக்கு, வேண்டாம் வேண்டாம்னாலும் மண்டைக்குள்ள வந்துக்கிட்டே இருக்கற எண்ணம் ஒண்ணு, அந்தப் பதட்டம் அடங்க செஞ்சே தீரணும்னு செய்யிற வேலை ஒண்ணு. எண்றது, தொட்டுப் பாக்குறது, "சரியா இருக்காம்மா"ன்னு நாப்பது தடவை கேக்குறது எல்லாமே இதுல சேரும். சாப்பாட்டு நோய்லயும் வகை இருக்கு: எடை ஏறிடுமோன்னு பட்டினி கிடக்குற அனோரெக்சியா, அள்ளி அள்ளித் தின்னுட்டு வாந்தி எடுக்குற புலிமியா, வாந்தி எடுக்காம அளவில்லாம சாப்பிட்டுட்டு அழுகுற பிஞ்ச் ஈட்டிங், அப்புறம் 2013ல வந்த, மனநோய்களை வகை பிரிக்கிற டிஎஸ்எம் 5 புத்தகத்துல தனிப் பேரு வாங்குன ஆர்ஃபிட். இந்த ஆர்ஃபிட்ல எடை பயமே இருக்காது, தொண்டையில அடைச்சிரும், வாந்தி வந்துரும், அந்த வழவழப்பு பிடிக்கலன்னுதான் சாப்பிட மாட்டாங்க.

சிக்கல் என்னன்னா வெளிய பாக்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும். என் தங்கச்சி தட்டை மூணு தடவை கழுவுவா, சோத்தை ஒன்பது வாயோட நிறுத்திருவா, அம்மா சமைக்கிறதை அடுப்படியில நின்னு பாத்தாத்தான் சாப்பிடுவா. இதுல எது ஓசிடி, எது மத்தது? எங்களுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் சொல்லிக்குடுத்த வழி, "அப்படிச் செய்யலன்னா என்ன ஆகும்னு கேளுங்க". தட்டுக்குக் கேட்டோம், "கிருமி இருக்கும், அம்மாவுக்கு ஏதாவது ஆயிரும்"ன்னா. அது ஓசிடி. அடுப்படிக்குக் கேட்டோம், "எண்ணெயைக் கூட ஊத்திருவாங்க, குண்டாயிருவேன்"ன்னா. அது சாப்பாட்டு நோய். ஒன்பது வாய்க்குக் கேட்டா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "ரெண்டும்தான் அக்கா"ன்னு சொன்னா. நிறைய பேருக்கு அந்த மூணாவது பதில்தான் வரும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. ஓசிடி எண்ணம் தொல்லையாத் தெரியும், "இது லூசுத்தனம்னு தெரியுது, ஆனா விட முடியல"ன்னு அழுவாங்க. எடை எண்ணம் சாதனையாத் தெரியும், விடச் சொன்னா சண்டைக்கு வருவாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு மேல ஒரு போர்வை வேற உண்டு, விரதம். செவ்வா ஒருபொழுது, வெள்ளி ஒருபொழுது, கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணி, அப்புறம் கிருத்திகை, பிரதோஷம்னு காலண்டர்ல சிவப்பா இருக்கறது எல்லாத்தையும் என் தங்கச்சி இழுத்துப் போட்டுக்கிட்டா. எங்க அப்பத்தா தெருவுல போற வர்றவங்ககிட்டலாம் "பிள்ளைக்கு எம்புட்டு பக்தி பாருங்க"ன்னு சொல்லும். மாசவிலக்கு அஞ்சு மாசமா வரலன்னப்ப கூட அம்மா பிசிஓடின்னு (சினைப்பை நீர்க்கட்டி) நினைச்சு வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு, அங்க மாத்திரை குடுத்தாங்க, வேளைக்கு என்ன சாப்பிடுறன்னு ஒருத்தரும் கேக்கல.

ரெண்டும் சேர்ந்து வர்றது அபூர்வம்னு நினைக்காதீங்க. 2004ல வெளிவந்த, அமெரிக்க மனநல டாக்டர் வால்டர் கேயோட ஆய்வுல அனோரெக்சியா, புலிமியா இருந்த 672 பேரைப் பாத்தாங்க, அதுல 41 சதவீதம் பேருக்கு வாழ்க்கையில ஏதோ ஒரு சமயம் ஓசிடி இருந்திருக்கு. அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு ஓசிடிதான் சின்ன வயசுலயே முதல்ல வந்திருக்கு. இதைப் படிச்சிட்டு "அப்ப முதல்ல வந்ததை முதல்ல பாக்கணும்"னு நானும் நினைச்சேன், அதுதான் நாங்க செஞ்ச பெரிய தப்பு.

எதை வச்சு முடிவு பண்றது

எது முதல்ல வந்துச்சு, எது அதிகமா சத்தம் போடுது, இந்த ரெண்டையும் ஓரமா வச்சிருங்க. வீட்டுல சத்தம் போடுறது எப்பவும் ஓசிடிதான், குழாயைத் திறந்து விட்டுட்டு ஒரு மணி நேரம் நின்னா எல்லாருக்கும் தெரியும், மதியச் சோத்தைப் பேப்பர்ல மடிச்சு ஜன்னல் வழியா வீசுனா ஒருத்தருக்கும் தெரியாது.

நான் பாக்கச் சொல்றது அஞ்சு. முதலாவது உடம்பு தாங்குமா. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற கணக்கு), நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பேட், ஒரு ஈசிஜி, இம்புட்டும் பாக்காம யாரும் எந்தத் திட்டமும் போடக் கூடாது. பருவ வயசுப் பிள்ளைக்குப் பகல்ல நாடி நிமிசத்துக்கு 50க்குக் கீழ போச்சுன்னாலே அட்மிஷன் யோசிக்கிற அளவு. மயக்கம் போட்டு விழுறது, நெஞ்சு படபடப்பு, தினமும் வாந்தி, இதெல்லாம் இருந்தா இந்தக் கட்டுரையை அப்புறம் படிச்சுக்கலாம், முதல்ல எமர்ஜென்சிக்குப் போங்க. சாகணும்னு பேசுனாலும் அப்படித்தான்.

ரெண்டாவது, மூளை பாடம் ஏத்துக்கிற நிலையில இருக்கா. பட்டினி கிடக்குற மூளைக்கு தெரபி ஏறாது. மூணாவது, ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு அந்த இடத்தைப் பிடிக்குமா. நாலாவது, வீட்டுல யாரு கூட உக்காருவா, வேளைக்கு வேளை. அஞ்சாவது காசும் அலைச்சலும், இதை வெக்கப்படாம முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, ஆறாவது செஷன்ல காசில்லாம நிறுத்துறதை விட அது மேல்.

முதல் வழி: ஓசிடியை முதல்ல பாக்குறது

எண்ணம், பழக்கம் எல்லாம் ஓசிடியில இருந்து வருது, சாப்பாடு குறைஞ்சது அதோட விளைவுதான்னா இந்த வழி சரி. உதாரணமா எச்சில், தீட்டு, கிருமி பயத்துனால வெளிச் சாப்பாடு சாப்பிடாம இளைச்சவங்க, எடை குறைஞ்சதுல அவங்களுக்கே கவலை இருக்கும், "சாப்பிடணும்னு ஆசையாத்தான் இருக்கு, முடியல"ன்னு சொல்லுவாங்க. எடையும் ரொம்ப விழுந்திருக்காது. அவங்களுக்கு ஈஆர்பி நல்லா வேலை செய்யும்.

ஈஆர்பின்னா பயப்படுற விசயத்துக்குப் பைய பைய பக்கத்துல போறது, ஆனா வழக்கமாச் செய்யிற சடங்கைச் செய்யாம இருக்கறது. 1966ல விக்டர் மேயர்ங்கிற சைக்காலஜிஸ்ட் முதல்ல எழுதுனது, இன்னைக்கு வரைக்கும் ஓசிடிக்கு அதை மிஞ்சின பேச்சு சிகிச்சை இல்லன்னுதான் சொல்லணும். உதாரணத்துக்கு, மாட்டுத்தாவணியில பஸ் கம்பியைப் பிடிச்சிட்டு கை கழுவாம ஒரு முறுக்கு தின்னு, பதட்டம் ஏறும், ஏறட்டும், ஒண்ணும் பண்ணாம இரு. வழக்கமா பன்னெண்டுல இருந்து இருபது செஷன் வரைக்கும் போகும். கூட எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை (மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனத்து மேல வேலை செய்யிறது), அதுல ஓசிடிக்கு மன அழுத்தத்துக்குக் குடுக்குறதை விட கூடுன அளவு தேவைப்படும், எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும். ரெண்டு வாரத்துல "கேக்கல"ன்னு டாக்டரை மாத்துற ஆளுங்க நிறைய.

இதுல மறைஞ்சிருக்கற செலவு என்னன்னு எங்களைக் கேளுங்க. நாங்க முதல்ல போனது இந்த வழிதான், போன இடத்துல எடை மிஷின்ல ஏத்தக்கூட இல்ல. மூணு மாசத்துல கை கழுவுறது பாதியாக் குறைஞ்சிருச்சு, வீடே சந்தோசப்பட்டுச்சு. அதே மூணு மாசத்துல 44 கிலோ இருந்தவ 38க்கு வந்துட்டா, உயரம் 158 சென்டிமீட்டர், பிஎம்ஐ 15 சொச்சம். கழுவுற நேரத்துக்குப் பதிலா மொட்டை மாடியில நடக்க ஆரம்பிச்சிருந்தா, ஆயிரம் ரவுண்டு, குறைஞ்சா திரும்ப ஒண்ணுல இருந்து. குழாய்ச் சத்தம் நின்னுருச்சுன்னு நாங்களும் நிம்மதியாத் தூங்கிட்டோம்.

மாத்திரையிலயும் ஒரு சங்கதி. எடை ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு எஸ்எஸ்ஆர்ஐ சரியா வேலை செய்யிறதில்ல. செரட்டோனின் செய்யத் தேவையான டிரிப்டோஃபேன்ங்கிற சத்து சாப்பாட்டுல இருந்துதான் வரணும், அது உள்ள போகலன்னா மாத்திரை எதைப் பிடிச்சு வேலை செய்யும்னு ஒரு டாக்டர் எங்களுக்கு விளக்குனாரு. வாந்தி எடுத்து பொட்டாசியம் குறைஞ்சவங்களுக்கு குளோமிப்ரமின், எஸ்சிட்டலோபிராம் மாதிரி மாத்திரைங்க இதயத்துடிப்பைக் கெடுக்கலாம், ஈசிஜி பாக்காம ஆரம்பிக்கிறது ஆபத்து. புப்ரோபியான்னு ஒண்ணு இருக்கு, சிகரெட் நிறுத்தக் கூட குடுப்பாங்க, அனோரெக்சியா புலிமியா இருக்கறவங்களுக்கு அது குடுக்கவே கூடாது, வலிப்பு வரலாம். அதனால எந்த டாக்டரா இருந்தாலும் சாப்பாட்டு விசயத்தை மறைக்காம சொல்லிருங்க.

ரெண்டாவது வழி: சாப்பாட்டையும் எடையையும் முதல்ல பாக்குறது

எடை ரொம்ப விழுந்திருச்சு, இல்ல நாடி, பொட்டாசியம் சரியில்ல, இல்ல தினமும் வாந்தின்னா இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, இந்த வழிதான். தங்கச்சிக்கு நாடி 46 காட்டுனப்ப நாங்க பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தோம், கை கழுவுற பிரச்சினையைப் பத்தி அங்க ஒருத்தரும் பேசவே இல்ல, அப்ப எனக்குக் கோவமா வந்துச்சு, இப்பப் புரியுது.

ஏன் எடை முதல்லன்னா அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1944 நவம்பர்ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஆன்சல் கீஸ்ங்கிற விஞ்ஞானி ஒரு ஆய்வு ஆரம்பிச்சாரு, நல்லா இருந்த 36 ஆம்பளைங்களை, அவங்க சம்மதத்தோட, அடுத்த வருசம் ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டாரு. இரண்டாம் உலகப்போர்ல பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேத்துறதுன்னு தெரிஞ்சுக்க. எடை கால்வாசி குறைஞ்சப்ப அவங்க என்ன பண்ணாங்கன்னா, சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி மணிக்கணக்கா வச்சுத் தின்னாங்க, தட்டை நக்குனாங்க, சமையல் புத்தகமா சேத்து வச்சுப் படிச்சாங்க, தேவையில்லாத சாமானெல்லாம் வாங்கிப் பதுக்குனாங்க. அதுக்கு முன்னாடி அவங்க யாருக்கும் இந்தப் பழக்கமில்ல. அதாவது பாதிச் சடங்கைப் பசியே உண்டாக்குது. எடை ஏறுனதும் எது தானா விழுதோ அது பசியோட வேலை, எது அப்படியே நிக்குதோ அதுதான் அசல் ஓசிடி. என் தங்கச்சிக்கு ஒன்பது வாய்க் கணக்கு 45 கிலோ தாண்டுனதும் பாதி கரைஞ்சிருச்சு. தட்டு கழுவுறது மட்டும் ஒரு இஞ்ச் நகரல.

பதினெட்டுக்குக் கீழ இருக்கற பிள்ளைன்னா குடும்பத்தை வச்சு செய்யிற எஃப்பிடி, அதாவது கொஞ்ச நாளைக்கு என்ன, எம்புட்டு, எப்பங்கிறதை அம்மா அப்பா கையில எடுத்துக்கறது. நம்ம வீடுகளுக்கு இது ஒரு விதத்துல சுலபம், தட்டுல போட்டு ஊட்டுற வரைக்கும் அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. கஷ்டம் வேற இடத்துல. பக்கத்துல உக்காந்திருக்கற அத்தை "இப்பத்தான்டி நல்லா சிக்குன்னு இருக்க"ன்னு ஒரு வார்த்தை விடும், ஒரு வாரப் பாடு போச்சு. பெரியவங்களுக்கு சிபிடி-ஈ, அதாவது சாப்பாட்டு நோய்க்குன்னே இருக்கற பேச்சு சிகிச்சை, எடை ரொம்பக் குறையலன்னா 20 வாரம், குறைஞ்சிருந்தா 40 வாரம் கணக்கு. புலிமியாவுக்கு ஃப்ளூஆக்ஸடின் 60 மி.கி. வரைக்கும் குடுக்குறாங்க, அது ஓசிடிக்கும் ஆகுற மாத்திரைங்கிறதால ரெண்டும் இருக்கறவங்களுக்கு ஒரு கல்லுல ரெண்டு மாங்கா.

மறைஞ்ச செலவுக்கு வருவோம். முதல்ல, ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்களுக்குத் திடீர்னு கறிவிருந்து வச்சுத் தேத்தலாம்னு நினைச்சிராதீங்க, ரத்தத்துல பாஸ்பேட் சரசரன்னு விழுந்து இதயம் நின்னு போகலாம், ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேரு, அதனாலதான் ஆஸ்பத்திரியில பைய பைய ஏத்துறாங்க, ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்காங்க. அடுத்தது, டயட்டீசியன் குடுக்குற சார்ட். இட்லி மூணு, பருப்பு 30 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன்னு எழுதிக் குடுத்தாங்க. ஓசிடி இருக்கற பிள்ளைக்கு அது திருநீறு பூசுன மந்திரம் மாதிரி ஆயிருச்சு, கிச்சன் தராசு வாங்கச் சொல்லி அடம், 31 கிராம் வந்தா ஒரு பருப்பைப் பொறுக்கி வெளிய போடுவா. அப்புறம் தராசைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, அம்மா கரண்டியால போடுறதுதான் அளவுன்னு மாத்துனோம். கடைசியா, ஓசிடியை அப்புறம் பாப்போம் அப்புறம் பாப்போம்னு விட்டா தட்டு சுத்தமில்ல, எண்ணெய் பழசுன்னு அதுவே சாப்பாட்டை மறுபடி நிறுத்தும். அஞ்சு கிலோ ஏறி நாலு கிலோ இறங்குற கதை இப்படித்தான் நடக்குது.

மூணாவது வழி: ரெண்டையும் சேர்த்துப் பாக்குறது

உடம்பு ஆபத்துல இல்ல, ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்குன்னா என் ஓட்டு இதுக்குத்தான். அமெரிக்காவுல விஸ்கான்சின் பக்கம் ஒரு தங்கிச் சிகிச்சை எடுக்குற இடத்துல 56 பேருக்கு இப்படிச் சேர்த்துப் பாத்து 2013ல எழுதியிருக்காங்க, ஓசிடியும் சாப்பாட்டு நோயும் சேர்ந்தே குறைஞ்சிருக்கு. ஆனா அது ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு, அதுவும் அங்கயே தங்கி எடுத்தது, மதுரையில வாரத்துக்கு ஒரு நாள் போயிட்டு வர்றதோட அதை அப்படியே பொருத்த முடியாது.

நடைமுறையில எப்படின்னா, ரெண்டு பயத்தையும் தொடுற மாதிரி ஒரே வேளைச் சாப்பாட்டை வைக்கிறது. எங்களுக்குப் போட்ட ஏணி இது: வீட்டு இட்லியை அடுப்படியைப் பாக்காம சாப்பிடுறது, அப்புறம் ஒரு தடவை மட்டும் கழுவுன தட்டுல, அப்புறம் பக்கத்து வீட்டுல குடுத்த பொங்கல், அப்புறம் ரோட்டுக் கடை இட்லி, மேல் படியில கறி தோசை. ஒவ்வொண்ணுலயும் கிருமியும் இருக்கு, எண்ணெயும் இருக்கு. சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் கழுவவும் கூடாது, நடக்கவும் கூடாது, கூட யாராவது உக்காந்திருக்கணும், சும்மா டிவி பாத்துக்கிட்டு.

இந்த வழியோட பெரிய லாபம் வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான். தனித்தனியா ரெண்டு பேருகிட்ட போனப்ப ஒருத்தர் அம்மாகிட்ட "அவ கேக்குறதுக்கு ஆறுதல் சொல்லாதீங்க, தட்டு கழுவிக் குடுக்காதீங்க, ஒதுங்கி நில்லுங்க"ன்னாங்க. இன்னொருத்தர் "ஒவ்வொரு வேளையும் பக்கத்துல உக்காருங்க, முடிக்கிற வரைக்கும் விடாதீங்க"ன்னாங்க. அம்மா பாவம், "ஏன்டி, நான் நிக்கவா உக்காரவா"ன்னு என்கிட்ட கேட்டு அழுதுச்சு. ரெண்டும் அந்தந்த நோய்க்குச் சரியான அறிவுரைதான், சேத்துச் சொல்ல ஆளில்ல, அம்புட்டுதான். கடைசியில ஒரே தெரபிஸ்ட் ஒரே வரியில முடிச்சாங்க, "சாப்பாட்டுக்குத் துணைக்கு இருங்க, சடங்குக்குத் துணை போகாதீங்க". அடுப்பு மேல எழுதி ஒட்டியிருக்கோம், எண்ணெய் பட்டு மஞ்சளாயிருச்சு.

செலவு? இதுக்கு ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும், நம்ம பக்கம் அப்படி ஆள் அமையறது கஷ்டம். ஓசிடி தெரிஞ்சவங்க இருக்காங்க, சாப்பாட்டு நோய் தெரிஞ்சவங்க கம்மி. இன்னொண்ணு, பிள்ளைங்க சமத்து, ஒரு பயிற்சியைக் காட்டி இன்னொண்ணுல இருந்து தப்பிக்கும். "இன்னைக்குக் கை கழுவாம இருந்தேன்ல, அதுவே பெரிய விசயம், ராத்திரிக்குப் பால் மட்டும் போதும்"னு தங்கச்சி ஒரு மாசம் எங்களை ஓட்டுனா. மாத்திரை சாப்பிட்டா எடை கூடும்னு துளசித் தொட்டியில புதைச்சு வச்சதும் இந்தக் காலத்துலதான்.

அவசரமா பாக்குறவங்களுக்கு:

| | ஓசிடி முதல்ல | சாப்பாடு முதல்ல | ரெண்டும் சேர்த்து |
|---|---|---|---|
| யாருக்கு | எடை பரவாயில்ல, எடை பயம் இல்ல | எடை, நாடி, பொட்டாசியம் மோசம், இல்ல தினம் வாந்தி | உடம்பு ஓரளவு நிக்குது, ரெண்டும் பின்னிக்கிடக்கு |
| காலம் | 3 - 5 மாசம் | 20 - 40 வாரம், முன்னாடி அட்மிஷன் வரலாம் | ஒரு வருசம்னு வச்சுக்கங்க |
| மாத்திரை | நல்லா உதவும் | எடை குறைவா இருக்கறப்ப பலன் கம்மி | எடை ஏற ஏற உதவும் |
| வீட்டு வேலை | ஒதுங்கி நிக்கிறது | பக்கத்துல உக்காருறது | எப்ப எதுன்னு கத்துக்கணும் |
| ஏமாத்துற இடம் | கழுவுறது குறையும், எடையும் குறையும் | எடை ஏறும், சடங்கு நின்னு காத்திருக்கும் | ஒண்ணைக் காட்டி ஒண்ணுல தப்பிக்கிறது |

எங்க போறது

*கோரிப்பாளையம் ராஜாஜி ஆஸ்பத்திரி.* மனநலப் பிரிவு, மெடிசின், லேப், ஈசிஜி எல்லாம் ஒரே இடத்துல, காசு கிடையாது. உடம்பு மோசமா இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல இடம் டவுன்ல காசு குடுத்தாலும் சுலபமாக் கிடைக்காது. வெள்ளன போயிரணும், கூட்டம் இருக்கும், போற தடவையெல்லாம் அதே டாக்டர் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது, அதனால கதையை நீங்களே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க. வாராவாரம் ஒரு மணி நேரம் உக்காந்து பேசுற தெரபிக்கு அந்தக் கூட்டத்துல எதிர்பாக்குறது நியாயமில்ல. நிறைய பேரு மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் அங்க, தெரபிக்கு வெளியன்னு வச்சுக்கறாங்க, நல்ல யோசனைதான்.

*தனியார் சைக்கியாட்ரிஸ்டும் சைக்காலஜிஸ்டும்.* அண்ணாநகர், கே.கே.நகர்னு போர்டு நிறைய தொங்குது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு இருக்கற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டான்னு கேளுங்க, கேட்டா கோச்சுக்கிட்டா வேற இடம் பாருங்க. அடுத்து ரெண்டே கேள்வி: "ஈஆர்பி செஞ்சிருக்கீங்களா", "எடை யாரு பாப்பாங்க". எங்களுக்குச் செஷனுக்கு 1200 ஆச்சு, வாரம் ஒண்ணு, அதுக்கு மேல ரத்த டெஸ்டு, அப்பா லீவு. இன்சூரன்ஸ் இருந்தா கேட்டுப் பாருங்க, 2017 மனநலச் சட்டத்துல 21ஆம் பிரிவு உடம்பு நோய் மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு குடுக்கணும்னு சொல்லுது. ஆனா பாலிசிகள் பொதுவா அட்மிஷனுக்குத்தான், வாராவாரம் போற செஷனுக்குக் கையில இருந்துதான் போகும்.

*ஆன்லைன்.* இதை நான் ஏளனமா நினைச்சேன், தப்பு. ஓசிடி நடக்குறது அடுப்படியிலயும் பாத்ரூம்லயும், போனைத் தூக்கிட்டுப் போய் குழாயடியிலயே தெரபிஸ்ட் கூட நின்னு பயிற்சி எடுக்கலாம், கிளினிக்ல அது நடக்காது. உசிலம்பட்டி, பேரையூர்னு தள்ளி இருக்கறவங்களுக்கு பஸ் காசும் மிச்சம். ஆனா எடை குறைஞ்சவங்களுக்கு ஆன்லைன் மட்டும் போதவே போதாது. கேமராவுல முகம் மட்டும்தான் தெரியும், அதுவும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பக்கத்து கிளினிக்ல வாரம் ஒரு தடவை எடையும் நாடியும் பாத்து, எடையைப் பிள்ளைக்குக் காட்டாம தெரபிஸ்டுக்கு அனுப்புற ஏற்பாடு இருந்தா மட்டும் சரி.

*பெங்களூரு நிம்ஹான்ஸ்.* மத்திய அரசோட பெரிய மனநல ஆஸ்பத்திரி, அங்க ஓசிடிக்குன்னே தனி கிளினிக் இருக்கு. ரெண்டு மூணு மாத்திரை முழு அளவு, முழுக் காலம் பாத்தும் கேக்கல, இல்ல இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கன்னா ஒரு தடவை போய் திட்டம் வாங்கிட்டு வர்றது நல்லது. சாயங்காலம் தூத்துக்குடி மைசூர் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலையில இறங்கிரலாம். அட்மிட் ஆனா வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே கிடக்கணும், கடை வச்சிருக்கறவங்களுக்கு அதுதான் நிஜமான செலவு. நாடி 46ல இருக்கறப்ப பிள்ளையை ராத்திரி பூரா ரயில்ல கூட்டிட்டுப் போகாதீங்க, முதல்ல இங்கயே உடம்பைத் தேத்திட்டுப் போங்க.

பாண்டி கோயிலுக்கு நாங்களும் போனோம், கயிறும் கட்டினோம். அம்மா மனசுக்கு அது வேண்டியிருந்துச்சு. கோயிலால நட்டம் ஒண்ணுமில்ல, "மூணு அமாவாசை போகட்டும்"னு காத்திருந்த மூணு மாசம்தான் நட்டம். விரதத்தை நிறுத்துறதுக்கு மட்டும் கோயில்தான் உதவுச்சு, நாங்க சொல்லிக் கேக்காதவ, திருப்பரங்குன்றத்துல ஒரு பெரியவர் "உடம்புக்கு முடியாத பிள்ளைக்கு விரதம் எதுக்கு ஆத்தா, பிரசாதத்தைத் தின்னு, அதுதான் விரதம்"னு சொன்னதுக்கு அன்னைக்கே அங்கயே சர்க்கரைப் பொங்கல் ரெண்டு வாய் வாங்கிக்கிட்டா.

எங்க போறதுன்னே தெரியல, ராத்திரி ரெண்டு மணிக்குக் கையும் ஓடல காலும் ஓடலன்னா டெலிமானஸ் 14416, அரசாங்கத்தோடது, இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

திட்டத்தை எப்ப மாத்துறது

எதை எடுத்தாலும் ஒரு தேதி குறிச்சுக்கங்க. எடை முதல்லன்னு போறவங்களுக்கு நாலு வாரத்துல எடை அசையலன்னா வெளியில இருந்தே பாக்குற வைத்தியம் போதலன்னு அர்த்தம், அட்மிஷன் பத்திப் பேசுங்க. ஓசிடி முதல்லன்னு போறவங்க எடை ரெண்டு கிலோ இறங்குனாலே நிறுத்திட்டு ரெண்டாவது வழிக்கு வந்துருங்க, நாங்க ஆறு கிலோ வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தோம். மாத்திரை பன்னெண்டு வாரம் முழு அளவுல போயும் கேக்கலன்னா மாத்துறதைப் பத்திக் கேளுங்க, நீங்களா டக்குன்னு நிறுத்தாதீங்க. இருபத்தஞ்சு வயசுக்குக் கீழன்னா மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரங்கள்ல பேச்சு, தூக்கம், எரிச்சல் எல்லாம் கவனிங்க.

முதல் நாள் போகும்போது ஒரு பக்கம் எழுதிக்கிட்டுப் போங்க: ஆறு மாசத்துக்கு முன்னாடி எடை, இப்ப எடை, கடைசியா மாசவிலக்கு எப்ப, ஒரு நாள் முழுக்க என்ன உள்ள போச்சு, என்னென்ன சடங்கு, "செய்யலன்னா என்ன ஆகும்"ங்கிறதுக்குப் பிள்ளை சொன்ன பதில் அப்படியே. ரெண்டு இடத்துல பாக்குறீங்கன்னா அந்தப் பேப்பரை போட்டோ எடுத்து ரெண்டு பேரு போனுக்கும் அனுப்பிருங்க, நேர்ல குடுத்தா பைலுக்குள்ள போயி அம்புட்டுதான்.